பழைய காரா? நீயே பார், நீயே ஓட்டு, உன் பேருக்கு மாற்று!

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்கும், ராஜபாளையம் மில்லுக்கும், சிவகாசி அச்சகத்துக்கும் தினமும் போய் வருகிற தங்கச்சிகள் நிறையப் பேர் இப்போது சொந்தக் கார் பற்றிப் பேசுகிறார்கள். சம்பளம் வருகிறது, கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. புதுக் கார் எட்டவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் போதும் என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் பக்கத்து வழக்கம் எப்படி இருக்கிறது? பணம் தங்கச்சியுடையது. காரைப் பார்க்கப் போவது அண்ணனும் அத்தானும். விலை முடிப்பது புரோக்கர். ஆர்.சி. புக்கில் ஏறுவது வேறொருவர் பேர். தவணை மட்டும் மாதாமாதம் அவள் கணக்கில் இருந்து போகும்.

இந்த வழக்கம் மாற வேண்டும். துணைக்கு அண்ணன் வரட்டும், தெரிந்த மெக்கானிக் கண்டிப்பாக வரட்டும். ஆனால் காரைப் பார்ப்பவளும், ஓட்டிப் பார்ப்பவளும், "சரி" அல்லது "வேண்டாம்" என்று சொல்பவளும் நீயாக இரு தங்கச்சி. அதற்குத் தெரிய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் லைசென்ஸ், பிறகு பட்ஜெட்

கையில் லைசென்ஸ் இல்லாமல் கார் பார்க்கப் போகாதே. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதற்குள் ஓட்டிப் பழகி லைசென்ஸ் வாங்கிவிடு. உன்னால் ஓட்டிப் பார்க்க முடியாத காருக்கு அடுத்தவர் சொல்கிற தீர்ப்புதான் உனக்குக் கிடைக்கும்.

பட்ஜெட் போடும்போது கையில் இருக்கிற மொத்தத்தையும் காரின் விலையாக நினைக்காதே. மூன்று லட்சம் வைத்திருந்தால் இரண்டரை லட்சத்துக்குள் கார் தேடு. மீதி ஐம்பதாயிரம் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸ், தேவைப்பட்டால் டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு. இந்தச் செலவுகள் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். கடன் வாங்குவதாக இருந்தால், பழைய கார் கடனுக்கு வட்டி புதுக் கார் கடனைவிடக் கூடுதலாக இருக்கும். கார் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்குக் கடன் தொகையும் தவணைக் காலமும் குறையும். காரைப் பார்ப்பதற்கு முன்பே வங்கியில் கேட்டுக்கொள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து, புதுக் கார்களின் விலை இறங்கியிருக்கிறது. விற்கிறவர் "நான் வாங்கும்போது இவ்வளவு" என்று பழைய விலையில் இருந்து கணக்குச் சொல்வார். நீ அதே காரின் இன்றைய ஷோரூம் விலையில் இருந்து கணக்குப் போடு.

2. ஏன் பெட்ரோல்?

ஆலங்குளத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூரோ ராஜபாளையமோ தினம் ஒரு தடவை போய் வருகிற ஓட்டத்துக்கு டீசல் தேவையில்லை. டீசல் கார் வாங்கும்போதும் விலை கூடுதல், சர்வீஸுக்கும் கூடுதல். பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும்; குறுகிய ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். மாருதி நிறுவனமே 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. சின்னக் காருக்குப் பெட்ரோல்தான் பொருத்தம்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரல் முதல் தயாரான கார்கள் அதைத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வந்தவை. அதற்கு முந்தைய காரை எடுத்தால் பெட்ரோல் ஹோஸ், கேஸ்கெட் ஆகியவற்றில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜும் கொஞ்சம் குறையும். பழைய விளம்பரத்தில் போட்ட மைலேஜை மனதில் வைத்துக்கொண்டு மாதச் செலவைக் கணக்கிடாதே.

3. எந்த வருஷத்துக் கார்?

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தேதிகள் மூன்று. 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். 2019 ஜூலை முதல் டிரைவர் பக்கம் ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். 2022 ஜனவரி முதல் முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏர்பேக் கட்டாயம். உன் பணத்துக்கு 2019 ஜூலைக்குப் பிந்தைய கார் கிடைத்தால் அதையே எடு. ராஜபாளையம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே தினமும் போகப் போகிறாய். அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் கொடுக்கிற பணத்தை ஏர்பேக்குக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் கொடு.

ஆர்.சி.யில் தயாரான மாதமும் இருக்கும், பதிவான தேதியும் இருக்கும். 2018 டிசம்பரில் தயாராகி 2019-இல் பதிவான காரை "2019 மாடல்" என்று சொல்லி விற்பார்கள். தயாரான மாதத்தைப் பார்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காரைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி. 13, 14 வருஷக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால் இந்தச் செலவு பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

4. எந்த மாடல்?

உன் ஊரில் உதிரிபாகம் கிடைக்கிற, மெக்கானிக் கை பழகிய கார்தான் நல்ல கார். ராஜபாளையத்திலோ சிவகாசியிலோ நீ நம்புகிற மெக்கானிக்கிடம், "என்ன காருக்கு உங்களிடம் உடனே சாமான் கிடைக்கும்?" என்று முதலில் கேள். மாருதியும் ஹூண்டாயும் நம் பக்கம் எந்தப் பட்டறையிலும் பழகிய கார்கள்.

ஆல்டோ: தனியாகவோ இரண்டு பேராகவோ போக, சந்து பொந்தில் திருப்ப, செலவு குறைக்க ஏற்றது. 800-ஐவிட கே10 இழுவை கூடுதல்.

வேகன் ஆர்: 1999 முதல் வருகிறது. உயரமான சீட்; முழங்கால் வலிக்கிற அம்மாவும் சேலை கட்டியவர்களும் சுலபமாக ஏறி இறங்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை முதலில் பார்.

ஸ்விஃப்ட்: ஓட்டச் சுகமானது, தேவை அதிகம், அதனால் விலையும் அதிகம். வேகமாக ஓட்டிப் பழகியவர்கள் கையில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. சஸ்பென்ஷனையும் கிளட்சையும் கூடுதலாகக் கவனி.

சான்ட்ரோ, ஐ10, கிராண்ட் ஐ10: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானவை. ஸ்டியரிங் லேசு, ஏசி நன்றாக இருக்கும். பழைய சான்ட்ரோவிலும் 1.1 லிட்டர் ஐ10-லும் டைமிங் பெல்ட் இருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேள். பில் இல்லையென்றால் மாற்றுகிற செலவை விலையில் கழி. அது ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே பழுதாகும். 1.2 லிட்டர் கப்பா எஞ்சினிலும் மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களிலும் செயின். அந்தக் கவலை இல்லை.

டியாகோ: 2016-இல் வந்தது. குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் 2020-இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. பாதுகாப்பை முதலில் வைப்பவர்கள் பட்டியலில் இது இருக்க வேண்டும். அதே அமைப்பு 2014-இல் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ கார்களைச் சோதித்தபோது ஐந்துமே பூஜ்யம் வாங்கின. பழைய சின்னக் காரை எடுத்தால் வேகத்தை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்.

ஃபோர்டு ஃபிகோ, செவர்லே பீட், டட்சன் கோ ஆகியவை வயதுக்கு மலிவாகக் கிடைக்கும். காரணம் இருக்கிறது. செவர்லே கார் விற்பனை 2017-ஓடு இந்தியாவில் நின்றது. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. டட்சன் 2022-இல் நின்றது. ஒரு சாமானுக்கு மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க முடியுமா என்று யோசித்து எடு. தினமும் வேலைக்குப் போக ஒரே கார் என்றால் இவை வேண்டாம் என்பதே என் யோசனை.

5. யாரிடம் வாங்குவது?

தெரிந்தவர் வீட்டுக் கார் என்றால் வரலாறு தெரியும். ஆனால் கூச்சத்தில் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவோம். தெரிந்தவரானாலும் மெக்கானிக்கைக் கூட்டிப் போ. கடையில் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல். செயலியில் தேடும்போது ஒரு கவனம்: தென்காசி மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. நம் ஊர் என்று நம்பி அட்வான்ஸ் அனுப்பாதே. காரை நேரில் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதே.

புதுச்சேரி, கர்நாடகா போன்ற வெளிமாநிலப் பதிவுக் காரின் விலை குறைவாக இருக்கும். என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸைக் கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது அந்த லாபம் போய்விடும். டி.என். பதிவுக் காரே நமக்கு நிம்மதி. அதிலும் டி.என். 67, 84, 95 என்றால் விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, பக்கத்திலேயே விசாரிக்கலாம்.

6. காரைப் பார்க்கும் முன் பேப்பரைப் பார்

நம்பர் கிடைத்ததும் எம்-பரிவாஹன் செயலியில் போட்டுப் பார். எத்தனையாவது ஓனர், பதிவு எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்று தெரியும். அபராதம் பாக்கி இருந்தால் இ-சலான் பக்கத்தில் வரும். பிறகு ஒரிஜினல் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு இவற்றைச் சரிபார்:

• ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் பொறித்தவையும் ஒன்றா? பொறிப்பில் சுரண்டிய, வெல்டிங் வைத்த அடையாளம் இருந்தால் திரும்பி வந்துவிடு.

• ஆர்.சி.யில் உள்ள நிறமும் காரின் நிறமும் ஒன்றா?

• எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் மட்டும் இருந்து, டிக்கியில் கேஸ் கிட் இருந்தாலோ, மாட்டிக் கழற்றிய துளைகள் தெரிந்தாலோ வேண்டாம்.

• முன்பு டி போர்டாக, அதாவது டாக்ஸியாக ஓடி ஓன் போர்டுக்கு மாறிய காரா? ஓடிய தூரம் மிக அதிகமாக இருக்கும்.

• ஆர்.சி.யில் வங்கிப் பேர் இருந்தால் கடன் முடிந்த கடிதமும் கையெழுத்திட்ட ஃபாரம் 35-ம் வந்த பிறகே முழுப் பணம்.

• இரண்டு சாவியும் இருக்கிறதா?

• கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல். மீட்டரைப் பின்னால் சுற்றியிருந்தால் இதில் பிடிபடும்.

7. வெளிச்சத்தில் பார், ஈரத்தில் பார்க்காதே

காலையில் போ. வாட்டர் வாஷ் செய்து ஈரம் காயாமல் நிற்கிற காரில் கீறலும் பெயின்ட் வித்தியாசமும் தெரியாது. வெயிலில் நிறுத்தச் சொல்லி, ஒரு மூலையில் இருந்து பக்கவாட்டில் பார்வையை ஓட்டு. ஒரு கதவு மட்டும் பளபளப்பாக இருந்தால் டிங்கரிங் ஆகியிருக்கிறது. சின்ன உரசலுக்கு பெயின்ட் அடிப்பது சகஜம். பானெட்டைத் தூக்கி முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையும், டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியையும் பார். அங்கே வெல்டிங், நெளிவு, புது பெயின்ட் இருந்தால் அது பெரிய அடி. அந்தக் கார் வேண்டாம்.

சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பார். 3521 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 35-ஆவது வாரத்தில் தயாரான டயர். "இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது" என்று சொல்கிற 2019 காரில் டயர் எல்லாம் 2023-ஐச் சேர்ந்தவை என்றால், ஏன் மாற்றினார்கள் என்று கேள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா, ஸ்டியரிங் தோல் உரிந்திருக்கிறதா, டிரைவர் சீட் அமுங்கியிருக்கிறதா என்றும் பார். மீட்டர் பொய் சொன்னாலும் இவை சொல்லாது. டயரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு.

8. வெள்ளத்தில் நின்ற காரா?

நமக்கு இது மிக முக்கியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அந்தக் கார்கள் கழுவித் துடைத்து எந்த ஊருக்கும் விற்பனைக்கு வரலாம். டி.என். 69, டி.என். 72, சென்னை நம்பர் என்றாலே சந்தேகப்பட வேண்டாம். ஆனால் சோதனை செய்யாமல் எடுக்க வேண்டாம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழு. உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்திலும் சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டிலும் துரு பார். கால்மிதிக்குக் கீழே உள்ள விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, ஸ்டெப்னிக் குழியில் மண் எல்லாம் அடையாளங்கள். கார் முழுக்க வாசனைத் திரவம் கமகமத்தால் எதை மறைக்கிறார்கள் என்று கேள். வெள்ளத்தில் நின்ற காரில் வயரிங் கோளாறு ஒன்று போனால் ஒன்று வரும். எவ்வளவு மலிவானாலும் எடுக்காதே.

9. குளிர்ந்த எஞ்சினை நீயே ஸ்டார்ட் செய்

போனதும் பானெட்டில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று காத்திரு. காலைக் குளிரில் ஒரே தடவையில் பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. தொடர்ந்து வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் போல வெளுத்த படிவு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் முடிவு செய்யாதே.

ஏசியை முழுதாக வைத்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விடு. நம் ஊர் வெயிலில் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டாமல் நிற்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி நிற்கிறதா என்று பார். முள் இல்லாத கார்களில் டெம்பரேச்சர் விளக்கு எரியக் கூடாது. ஏசிக் காற்று குளிர்ச்சி குறையாமல் வர வேண்டும்.

10. இரண்டு வகை ரோட்டில் ஓட்டிப் பார்

தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினால் எதுவும் தெரியாது. குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு பகுதி, திருமங்கலம் – ராஜபாளையம் நெடுஞ்சாலை போன்ற நல்ல ரோட்டில் ஒரு பகுதி என்று ஓட்டு. பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, முதலில் சத்தத்தைக் கேள்.

• பள்ளத்தில் "டக் டக்" என்றால் சஸ்பென்ஷன் புஷ்ஷோ ஷாக் அப்சார்பரோ போயிருக்கிறது.

• மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகச் சுற்று. "கட கட" என்றால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

• ஆள் இல்லாத நேரான ரோட்டில் ஸ்டியரிங் பிடியைச் சற்றுத் தளர்த்து. கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போதும் இழுக்கக் கூடாது. பெடல் அதிரக் கூடாது.

• சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, கிளட்சை மெதுவாக விடு. எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

• மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா, பிறகு முதல் கியரில் திணறாமல் ஏறுகிறதா என்று பார்.

• கடைசியாக, சீட்டில் உட்கார்ந்தால் உனக்கு ரோடு தெரிகிறதா? கிளட்சைக் கடைசி வரை மிதிக்க உன் கால் எட்டுகிறதா? பின்னால் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருக்கிறதா? இதை உனக்காக வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஓட்டி வந்து நிறுத்தியதும் அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார். ஏசி போட்ட காரில் தண்ணீர் சொட்டுவது சரிதான். பிறகு நீ கூட்டி வந்த மெக்கானிக்கின் பட்டறையில் தூக்கி வைத்து அடிப்பகுதியைக் காட்டு. அவருக்குக் கூலி நீ கொடு. விற்கிறவரோ புரோக்கரோ கொடுக்கக் கூடாது.

11. பேரம்

குறைகளைத் தாளில் எழுது. இரண்டு டயர், பேட்டரி, கிளட்ச் என்று ஒவ்வொன்றுக்கும் கடை விலையைப் போனில் கேட்டு எழுது. "குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று சொல்வதைவிட அந்தத் தாளைக் காட்டிப் பேசு. "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார், இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு செய். அந்தக் கார் போனால் அடுத்த கார் வரும்.

12. பணமும் பெயர் மாற்றமும்

பணத்தை வங்கி வழியாகக் கொடு. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிட, வங்கிக் கணக்கில் இருக்கிற பதிவு உனக்குச் சாட்சி. காரை எடுக்கும்போது தேதியும் மணியும் போட்ட டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் ஓனர் உன் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டலாம். மாற்றத்தைப் பதிய வாங்கியவருக்குச் சட்டம் கொடுத்திருக்கிற காலம் 30 நாள். "ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்" என்று புரோக்கர் சொன்னால் கேட்காதே. விற்கிறவரிடமும் ஒன்றை எடுத்துச் சொல்: கார் கைமாறினாலும் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டால் அவரே உன்னைவிட வேகமாகக் கையெழுத்துப் போடுவார்.

பழைய ஃபாஸ்டேகை அவர் மூடட்டும். நீ உன் பேரில் புதிது எடு. மதுரைக்குப் போகும் வழியில் கப்பலூர் டோல்கேட்டில் நின்று விவாதிக்க வேண்டாம்.

13. ஏன் உன் பேர்?

"யார் பேரில் இருந்தால் என்ன, ஒரே குடும்பம்தானே" என்பார்கள். பணம் கொடுப்பவளும் ஓட்டுபவளும் நீ என்றால் பேரும் உன்னுடையதாக இருக்க வேண்டும். மரியாதை ஒரு காரணம். இன்ஷூரன்ஸ் இன்னொரு காரணம். கார் பாலிசியோடு ஓனர்-டிரைவருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு. அது லைசென்ஸ் உள்ள, ஆர்.சி.யில் பேர் உள்ள ஓனருக்கு. அண்ணன் பேரில் இருக்கிற காரை நீ ஓட்டிப் போய் அடிபட்டால் அந்தக் காப்பு உனக்கு வராது. ஆர்.சி.யில் நாமினி பேரையும் சேர்க்கலாம். அம்மா பேரையோ பிள்ளை பேரையோ போடு.

கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் விண்ணப்பித்துப் பாலிசியை உன் பேருக்கு மாற்று. பாலிசி பழைய ஓனர் பேரிலேயே இருந்தால், உன் காருக்கு ஆன சேதத்துக்குப் பணம் கேட்கும்போது மறுக்கப்படலாம். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும். உன் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடுதலாக வந்தால் பயப்படாதே.

14. முதல் வாரமும் அதற்குப் பிறகும்

எடுத்து வந்த வாரமே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்று. "போன மாதம்தான் மாற்றினேன்" என்று விற்றவர் சொன்னாலும் மாற்று. ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கச் சொல். வீல் அலைன்மென்ட் செய். அன்றைய தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் எழுது. நாளைக்கு நீ விற்கும்போது அந்த நோட்டுக்கு விலை உண்டு.

நம் ஊருக்கென்று சில கவனங்கள் உண்டு. 1970-இல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரிகள், கரிசல் மண் என்று புழுதிக்குப் பஞ்சமில்லை. ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு முன்பே கழற்றிப் பார்க்கச் சொல். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்காதே, பெயின்ட் கீறும். முதலில் தண்ணீரை ஊற்றி ஓட விட்டுப் பிறகு துடை. மழைக்காலத்தில் கரிசல் வண்டிப்பாதையில் இறங்காதே. சக்கரம் சுற்றி அங்கேயே புதையும். வயலும் களமும் பக்கத்தில் இருப்பதால் எலி பானெட்டுக்குள் ஏறி வயரைக் கடிக்கும். இரண்டு நாள் நின்ற காரை எடுப்பதற்கு முன் பானெட்டைத் தூக்கிப் பார்.

தீபாவளிக்கு முன்னால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள், "உன் காரில் சிவகாசிப் பட்டாசு கொஞ்சம் ஏற்றி வா" என்பார்கள். வேண்டாம் என்று சொல். வெயிலில் மூடி நிற்கிற பெட்ரோல் காருக்குள் பட்டாசை வைக்கக் கூடாது. எத்தனை விபத்துகளைப் பார்த்த மண் இது. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டெம்பரேச்சர் சிவப்புக்குப் போனால் ஓரம்கட்டி எஞ்சினை அணை. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே. கொதிநீர் முகத்தில் அடிக்கும். டயர் காற்றை மாதம் இரண்டு தடவை, காலையில் ஓட்டுவதற்கு முன் பார். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

15. நிறுத்தி வைக்காதே

புது ஆர்.சி. வந்ததும் பேர், முகவரி, எழுத்துப்பிழை பார்த்து டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள். அதன் பிறகு நிறையத் தங்கச்சிகள் செய்வது, "ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் எடுக்கலாம்" என்று உறை போட்டு மூடி வைப்பது. ஓடாத பெட்ரோல் காரில் பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், டேங்கில் நிற்கும் எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், உன் கைப்பழக்கம் போய்விடும். முதல் மாதம் காலை ஆறு மணிக்கு, ரோட்டில் லாரி குறைவாக இருக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தனியாகப் போய் வா. இரண்டாவது மாதம் பள்ளிக்கூட நேரத்தில் போ. மூன்றாவது மாதம் அம்மாவை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போ. அதற்குத்தான் தங்கச்சி இந்தக் கார்.